பெற்றோருக்குப் புது டிவி வாங்கப் போறீங்களா? முதல்ல ரிமோட்டை அவங்க கையில கொடுத்துப் பாருங்க!

பழைய டிவி ரிப்பேர் ஆனதும் பல வீடுகளில் நடப்பது இதுதான். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ போனிலேயே ஆர்டர் போடுவார். இரண்டு நாளில் பெரிய அட்டைப்பெட்டி வீட்டுக்கு வரும். கம்பெனி ஆள் வந்து சுவரில் மாட்டி, நாலு பட்டனை அழுத்திக் காட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு எல்லாம் நன்றாகவே ஓடும். மறுநாள் ஏதோ ஒரு பட்டன் மாறி அழுந்திவிடும். திரையில் 'நோ சிக்னல்' என்று வந்து நிற்கும். அதன்பிறகு, பேரன் சனிக்கிழமை வரும்வரை டிவி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு டிவி வெறும் பொழுதுபோக்கு இல்லை, பேச்சுத்துணை மாதிரி. அதைப் போடுவதற்கு ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால், இரண்டு முறை கூப்பிடுவார்கள். மூன்றாவது முறை 'பரவாயில்ல, விடு' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

எனவே, வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு டிவி வாங்கும்போது 'எத்தனை இன்ச், எத்தனை கே' என்பது இரண்டாவது கேள்விதான். 'வீட்டில் யாரும் இல்லாதபோது அவர்களே போட்டுப் பார்க்க முடியுமா?' என்பதே முதல் கேள்வி. தனக்கென்று டிவி வாங்கக் கடைக்குப் போகும் பெரியவர்களுக்கும் இதே கேள்விதான்.

'நோ சிக்னல்' ஏன் வருகிறது?

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975-ல். அன்று சாலிடேர், டயனோரா பெட்டிகளில் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தவர்கள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள். 1982-ல் கலர் வந்தது. 2006-ல் தொடங்கி தமிழக அரசு 14 இன்ச் கலர் டிவிகளை இலவசமாக வழங்கியது. இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை: ஸ்விட்சைப் போட்டால் படம் வரும்.

இன்றைய ஸ்மார்ட் டிவி அப்படி இல்லை. அது திரை பெரிதான ஒரு கம்ப்யூட்டர். ஆன் செய்ததும் சேனல் வராது, யூடியூப், ஓ.டி.டி ஆப்கள் வரிசையாக நிற்கும் முகப்புப் பக்கம் வரும். நாம் பார்க்கும் சேனல்களோ டிவிக்குள் இல்லை. செட்டாப் பாக்ஸில் இருக்கின்றன. அந்த பாக்ஸ், டிவியின் பின்னால் 'ஹெச்.டி.எம்.ஐ 1', 'ஹெச்.டி.எம்.ஐ 2', 'ஏவி' என்று இருக்கும் துளைகளில் ஏதோ ஒன்றில் செருகப்பட்டிருக்கும். எந்தத் துளையிலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று டிவிக்குச் சொல்வதுதான் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டன். அது மாறிவிட்டால், பாக்ஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும் டிவி 'நோ சிக்னல்' என்றுதான் காட்டும். டிவியும் கெடவில்லை, கேபிளும் போகவில்லை. இதைப் புரிந்துகொண்டாலே, கேபிள்காரருக்குப் போகும் போன் பாதியாகக் குறையும்.

இதற்கு வழி இருக்கிறது. ஆன் செய்ததும் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல், நேராக செட்டாப் பாக்ஸ் படத்துக்கே போகும்படி பல டிவிகளில் செட்டிங் வைக்கலாம். கடையில் மாடலைத் தேர்வு செய்யும் முன், 'ஆன் பண்ணினதும் நேரா செட்டாப் பாக்ஸ் வர்ற மாதிரி வைக்க முடியுமா? வெச்சுக் காட்டுங்க' என்று கேளுங்கள். செய்து காட்டினால் அந்த டிவிக்குப் பாதி மார்க் போட்டுவிடலாம்.

அடுத்தது ரிமோட். புது டிவிகளின் ரிமோட் பார்க்க அழகாக, மெலிதாக இருக்கும். ஆனால், பலவற்றில் எண் பட்டன்களே இருக்காது. பாதி இடத்தை ஓ.டி.டி-க்களின் பெயர் போட்ட பட்டன்கள் பிடித்துக்கொள்ளும். தெரியாமல் அதில் விரல் பட்டால் படம் எங்கேயோ போய்விடும். அதனால், டிவியைப் பயன்படுத்தப்போகிறவரின் கையில் ரிமோட்டைக் கொடுத்து, அவர் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து தெரிகிறதா, பட்டன் விரலுக்கு அகப்படுகிறதா, மூட்டுவலி இருக்கும் கையால் அழுத்த முடிகிறதா என்பதை ஐந்தே நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. சில டி.டி.ஹெச், கேபிள் பாக்ஸ்களின் ரிமோட்டுக்கு, டிவியை ஆன் செய்வதையும் வால்யூம் கூட்டிக் குறைப்பதையும் கற்றுக்கொடுத்துவிடலாம். கற்றுக்கொடுத்த பிறகு, சேனல் மாற்றவும் சத்தம் கூட்டவும் அந்த ஒரு ரிமோட்டே போதும். டிவியோடு வந்த ரிமோட்டை அலமாரியில் வைத்துவிடலாம். உங்கள் பாக்ஸில் இது உண்டா என்று கேபிள்காரரிடமோ டி.டி.ஹெச் நிறுவனத்திடமோ கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எல்.இ.டி, கியூ.எல்.இ.டி, ஓ.எல்.இ.டி... எது வேண்டும்?

கடையில் நுழைந்ததும் காதில் விழுகிற வார்த்தைகள் இவை. எல்.இ.டி டிவி என்பது, எல்.சி.டி திரைக்குப் பின்னால் எல்.இ.டி விளக்கு வைத்தது. கியூ.எல்.இ.டி என்பதும் அதே வகைதான். நிறங்களைக் கூடுதல் அழுத்தமாகக் காட்ட நடுவே ஒரு படலம் கூடுதலாக இருக்கும். செய்தி, சீரியல், பழைய படப் பாடல்கள் பார்க்க சாதாரண எல்.இ.டி-யே போதும். பட்ஜெட் இடம் கொடுத்தால் கியூ.எல்.இ.டி வாங்கலாம்.

ஓ.எல்.இ.டி வேறு வகை. இதில் பின்விளக்கு கிடையாது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும். படம் அற்புதமாக இருக்கும், விலையும் அதிகம். ஆனால், ஒரே செய்தி சேனலைக் காலை முதல் இரவு வரை ஓடவிடும் வீட்டுக்கு இது ஒத்துவராது. சேனலின் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நின்றால், அந்தத் தடம் ஓ.எல்.இ.டி திரையில் நிரந்தரமாகப் பதிய வாய்ப்பு உண்டு. பகலெல்லாம் டிவி ஓடும் வீட்டுக்கு எல்.இ.டி வகைதான் நிம்மதி.

120 ஹெர்ட்ஸ் போன்றவை வேகமான வீடியோ கேம், ஸ்போர்ட்ஸ் பார்ப்பவர்களுக்கானவை. 8கே-வில் பார்க்க நம் சேனல்களில் எதுவும் இல்லை. விற்பனையாளர் இவற்றைச் சொல்லி விலையை ஏற்றினால், சிரித்துக்கொண்டே அடுத்த டிவிக்கு நகர்ந்துவிடுங்கள்.

எத்தனை இன்ச்?

டிவி அளவு என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளப்பது. பெட்டியில் செ.மீ-யில் போட்டிருப்பார்கள்: 80 என்றால் 32 இன்ச், 108 என்றால் 43 இன்ச், 126 என்றால் 50 இன்ச். உட்காரும் இடத்துக்கும் டிவிக்கும் உள்ள தூரம் ஐந்தாறு அடி என்றால் 32 போதும். ஏழிலிருந்து ஒன்பது அடி என்றால் 43 பொருத்தம். அதற்கு மேல் என்றால் 50, 55 என்று யோசிக்கலாம்.

43 இன்ச் டிவியின் திரை மட்டும் சுமார் 95 செ.மீ அகலம், 54 செ.மீ உயரம் இருக்கும். பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டி, சுவரில் வைத்துப் பாருங்கள். கடையில் சின்னதாகத் தெரிந்த டிவி வீட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது தெரிந்துவிடும். மேஜையில் வைப்பதாக இருந்தால் இன்னொன்றையும் அளக்க வேண்டும். புது டிவிகளின் கால்கள் நடுவில் இல்லாமல் இரண்டு ஓரத்திலும் இருக்கும். பழைய டிவி ஸ்டாண்டு அந்த அகலத்துக்குப் போதாமல் போகலாம்.

கண் பார்வை மங்கியவர்களுக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது உதவும். ஆனால், எந்த டிவியைப் பார்த்தாலும் புகைமூட்டமாகத் தெரிகிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று சொன்னால், முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்புரையைப் பெரிய டிவி சரிசெய்யாது.

கடையில் பளிச், வீட்டில் மங்கல்... ஏன்?

'கடையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு, வீட்டுல சுமாரா இருக்கே' என்பது புது டிவி வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் வருத்தம். டிவியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. கடையில் ஓடுவது டிவிக்கென்றே தயாரித்த 4கே டெமோ வீடியோ. வீட்டில் வருவது கேபிள் படம்.

4கே திரையில் மேலிருந்து கீழாக 2,160 வரிகள் இருக்கின்றன. சாதாரண எஸ்.டி சேனலில் வருவது 576 வரிகள்தான். கிட்டத்தட்ட நாலு மடங்கு பெரிதாக இழுத்து நிரப்ப வேண்டியிருப்பதால் படம் மசமசவென்று தெரிகிறது. திரை பெரிதாக ஆக, இந்தக் குறையும் பெரிதாகத் தெரியும். அதனால், கடையில் டெமோவை நிறுத்திவிட்டு, சாதாரண கேபிள் சேனல் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் பார்க்கப்போவது அதைத்தான்.

பாக்ஸையும் கவனியுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று கலர் வயர் போட்ட பழைய பாக்ஸ் என்றால், ஹெச்.டி பாக்ஸுக்கு மாறி, ஹெச்.டி.எம்.ஐ வயரில் இணைப்பது நல்லது. பாக்ஸ் மாறினால் மட்டும் போதாது. அடிக்கடி பார்க்கும் சேனல்களின் ஹெச்.டி வடிவத்தையும் பேக்கில் சேர்த்தால்தான் படம் தெளிவாகும். பழைய பாக்ஸையே வைத்துக்கொள்வதாக இருந்தால், புது டிவியில் அந்த மூன்று கலர் வயருக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் அது கிடையாது. சிலவற்றில் தனி அடாப்டர் வேண்டும்.

ஆட்கள் எல்லாரும் குண்டாகத் தெரிந்தால், படம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டிருக்கிறது. 'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' செட்டிங்கில் சரிசெய்யலாம். நிறம் கண்ணைக் குத்தினால் 'விவிட்', 'டைனமிக்' மோடில் இருக்கிறது என்று பொருள். 'ஸ்டாண்டர்டு' அல்லது 'சினிமா' மோடுக்கு மாற்றினால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

சத்தம் இருக்கு, பேச்சு புரியலை!

படத்தைவிட வயதானவர்களை அதிகம் தொந்தரவு செய்வது ஒலிதான். பழைய பெட்டி டிவியில் ஸ்பீக்கருக்கு இடம் இருந்தது. ஒலி நேராக முன்னால் வந்தது. மெலிதான டிவியில் சிறிய ஸ்பீக்கர்கள். பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். சுவரில் மோதித்தான் ஒலி நம்மிடம் வருகிறது.

வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளை. பேச்சில் ச, ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அதனால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. பின்னணி இசையும் சேர்ந்துகொண்டால் இன்னும் கஷ்டம். வால்யூமைக் கூட்டக் கூட்ட இசையும் கூடுமே தவிர, பேச்சு தெளிவாகாது. 'ஏம்பா இவ்ளோ சத்தமா வெக்கறீங்க' என்று வீட்டில் சண்டைதான் வரும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலில், டிவியின் சவுண்ட் செட்டிங்கில் 'கிளியர் வாய்ஸ்', 'ஸ்பீச்', 'டயலாக்' என்ற பெயர்களில் பேச்சைத் தூக்கிக் காட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இது இலவச வைத்தியம். அது போதவில்லை என்றால் சின்ன சவுண்ட்பார் ஒன்றை டிவிக்கு முன்னால் வைக்கலாம். அதை 'ஏ.ஆர்.சி' என்று எழுதியிருக்கும் ஹெச்.டி.எம்.ஐ துளையில் இணைத்தால், பெரும்பாலும் டிவி ரிமோட்டிலேயே அதன் வால்யூமையும் மாற்றலாம். இன்னொரு ரிமோட் சேராது. மூன்றாவது, ப்ளூடூத் ஹெட்போன். டிவியில் ப்ளூடூத் இருந்தால், தாத்தா ராத்திரி பத்து மணிக்கு மேட்ச் பார்க்கலாம். பக்கத்து அறையில் குழந்தை தூங்கலாம். காது மெஷின் வைத்திருப்பவர்கள், அது டிவியோடு நேரடியாக இணையுமா என்று மெஷின் வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் ஒலியைச் சோதிக்கப் பாட்டு போடச் சொல்லாதீர்கள். செய்தி வாசிப்பைப் போடச் சொல்லி, நடுத்தர வால்யூமில் வார்த்தை வார்த்தையாகப் புரிகிறதா என்று கேளுங்கள்.

எங்கே மாட்டுவது?

சுவரில் உயரமாக மாட்டுவது பலருக்கும் பழக்கம். அது கழுத்துக்குக் கெடுதல். நாற்காலியில் உட்காரும்போது கண்ணுக்கு நேராக திரையின் நடுப்பகுதி வர வேண்டும். கொஞ்சம் மேலே கீழே இருந்தால் பரவாயில்லை. மாட்ட வரும் ஆளிடம் இடத்தைக் காட்டுவதற்கு முன், பெரியவரை அவரது வழக்கமான நாற்காலியில் உட்காரவைத்துக் குறியுங்கள். கட்டிலில் சாய்ந்தபடி பார்ப்பவர் இருகுவியக் கண்ணாடி போட்டிருந்தால், பார்வை கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே போய்ப் படம் மங்கலாகும். அது படிப்பதற்கான பகுதி. அவருக்கு மட்டும் டிவியைக் கொஞ்சம் உயர்த்தலாம், அல்லது தூரப்பார்வைக்குத் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.

ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் பகலில் திரையில் ஜன்னல்தான் தெரியும். ஸ்விட்ச் பாக்ஸும் செட்டாப் பாக்ஸும் குனியாமல், ஏறாமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். தரையில் வயர் குறுக்கே ஓடக் கூடாது. வயதானவர்கள் தடுக்கி விழ அது ஒன்று போதும்.

பணம், பில், வாரன்ட்டி

2025 செப்டம்பர் 22 முதல், 32 இன்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. 32 இன்ச் வரையிலான டிவிகளுக்கு ஏற்கெனவே 18 சதவிகிதம்தான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர் என்று எது வந்தாலும், ஒரே மாடல் எண்ணை வைத்து இரண்டு கடை, ஓர் ஆன்லைன் தளம் என மூன்று இடங்களில் விலை கேளுங்கள். இன்ச் ஒன்றாக இருந்தாலும் மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினால் அது வேறு டிவி.

'வட்டியில்லாத் தவணை' என்றால், 'ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு?' என்று முதலில் கேளுங்கள். பிராசஸிங் கட்டணமும், கிரெடிட் கார்டு தவணையில் வட்டித் தொகைக்கான ஜி.எஸ்.டி-யும் தனியாக வரலாம்.

பிராண்டைவிட முக்கியம், உங்கள் ஊரில் அதற்கு சர்வீஸ் உண்டா என்பது. சென்னையில் இருக்கும் மகன் மலிவு விலையில் ஆர்டர் போட்டுவிடலாம். அறந்தாங்கியில் ரிப்பேர் பார்க்க ஆள் வர வேண்டுமே! பேனல் போனால் செலவு கிட்டத்தட்ட புது டிவி விலைக்கு நெருங்கிவிடும். அதனால் வாரன்ட்டியில் பேனலுக்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். திரையில் அடிபட்டு விரிசல் விழுந்தால் பொதுவாக வாரன்ட்டி கிடைக்காது. சுவரில் மாட்டுவது இலவசமா, ஸ்டாண்டுக்குத் தனிக் காசா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டுமல்ல, கேபிள் அல்லது டிஷ் வயரையும் கழற்றிவிடுவது பாதுகாப்பு.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியவை

மாட்ட வந்தவர் கிளம்பும் முன், பெரியவர் தன் கையாலேயே மூன்று முறை ஆன் செய்து, சேனல் மாற்றி, அணைத்துப் பார்க்கட்டும். நாம் செய்து காட்டுவதைவிட அவர் செய்து பார்ப்பதுதான் மனதில் நிற்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டுங்கள்: '1. சுவர் ஸ்விட்ச் இரண்டையும் போடவும். 2. கறுப்பு ரிமோட்டில் சிவப்பு பட்டன். 3. நோ சிக்னல் வந்தால் சோர்ஸ் பட்டனை அழுத்தி, ஹெச்.டி.எம்.ஐ 1.' உங்கள் வீட்டு ரிமோட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அடிக்கடி பார்க்கும் ஐந்தாறு சேனல்களின் எண்களையும் அதன் கீழேயே எழுதிவிடலாம். ரிமோட்டில் தேவையான பட்டன்களுக்குப் பக்கத்தில் கலர் ஸ்டிக்கர் ஒட்டுவதும் நன்றாக வேலை செய்யும்.

ஸ்மார்ட் வசதிகளை முதல் நாளே சொல்லித்தர வேண்டாம். சேனல் பழகிய பிறகு யூடியூபைக் காட்டலாம். மைக் பட்டனை அழுத்தித் தமிழில் பேசினால் புரிந்துகொள்கிறதா என்று பாருங்கள். புரிந்துகொண்டால், டைப் அடிக்கும் தொல்லை இல்லாமல் பழைய பாடல்களையும் கோயில் உற்சவங்களையும் அவர்களே தேடிப் பார்ப்பார்கள். வீட்டில் வை-ஃபை இல்லாமல் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் அன்றைய டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும். டிவியில் கார்டு விவரங்களைச் சேமிக்க வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை: டிவியில் கோளாறு என்றால் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி, கிடைத்த முதல் எண்ணுக்குப் போன் செய்யக் கூடாது. அதில் மோசடி எண்களும் இருக்கின்றன. வாரன்ட்டி கார்டில் இருக்கும் எண்ணைப் பெரிதாக எழுதி அதே தாளில் ஒட்டிவிடுங்கள். போனில் யாராவது ஓ.டி.பி கேட்டாலோ, ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னாலோ உடனே வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். கடையோ கம்பெனியோ வாரன்ட்டியில் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைக்குப் போகும் முன் போனில் குறித்துக்கொள்ளுங்கள்

* உட்காரும் இடத்திலிருந்து டிவி வரை எத்தனை அடி? சுவரில், மேஜையில் எத்தனை செ.மீ இடம்?
* செட்டாப் பாக்ஸ் எஸ்.டி-யா, ஹெச்.டி-யா? எந்த வயர்?
* ஆன் செய்ததும் நேராக சேனல் வருமா?
* ரிமோட்டின் எழுத்தும் பட்டனும் பெரியவருக்கு வசதியா?
* செய்தி வாசிப்பு தெளிவாகக் கேட்கிறதா? ப்ளூடூத் உண்டா?
* சாதாரண சேனலில் படம் எப்படி?
* பேனல் வாரன்ட்டி எத்தனை வருடம்? நம் ஊரில் சர்வீஸ் உண்டா?
* மாட்டும் செலவு யாருடையது?

கூடவே, டிவியைப் பார்க்கப்போகிறவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். வர முடியாதவர் என்றால் வீடியோ காலில் ரிமோட்டையாவது காட்டிக் கேளுங்கள். 'உனக்குப் பிடிச்சதை வாங்குப்பா' என்றுதான் சொல்வார்கள். அப்படியே விட்டுவிடாமல், பழைய டிவியில் எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். எந்த டிவி வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.